ஏழு லட்சம் பேருக்கு ஏன் இத்தனை விமான நிலையங்கள்? அலாஸ்காவைப் பற்றி ஒரு விரிவான பதில்

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். அடுத்த கோடையில் குடும்பத்தோடு அலாஸ்கா போக எண்ணம். பயணத்துக்காகத் தேடிப் படித்தபோது, அந்த மாநில அரசின் கையில் மட்டும் 235 அளவில் விமான நிலையங்கள் இருப்பதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார். "இவையெல்லாம் நிஜமான விமான நிலையங்கள்தானா? யார் காசில் நடக்கின்றன? நாங்கள் அவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் போக முடியுமா?" என்பது அவர் கேள்வி.

நான் ஆங்கரேஜில் சரக்கு விமானங்களோடு சில வருடம் வேலை பார்த்தவன். அந்த ஊர் ஞாபகம் வந்தால் பேச்சு நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. அலாஸ்காவின் பரப்பு இந்தியாவில் பாதிக்கும் மேல். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் 7,33,391 பேர். அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஆங்கரேஜ் நகராட்சிக்குள்ளேயே அடங்கிவிடும். மீதிப் பேர் எங்கே? ஆற்றங்கரைகளில், கடலோரத்தில், தீவுகளில், முந்நூறு நானூறு பேர் கொண்ட ஊர்களில். மாநிலத்து ஊர்களில் ஐந்தில் நான்குக்கும் மேலானவற்றுக்குச் சாலைத் தொடர்பே கிடையாது. மோசமான சாலை, மழையில் அறுந்த சாலை என்று நினைக்க வேண்டாம். சாலையே இல்லை. மாநிலத் தலைநகர் ஜூனோவுக்கே காரில் போக முடியாது. சட்டமன்ற உறுப்பினர்கள் பறந்து வருவார்கள், இல்லாவிட்டால் கப்பலில் வருவார்கள்.

ஆகவே 235 என்ற எண்ணை டெக்சாஸ் விமான நிலையங்களோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். டெக்சாஸின் கிராமச் சாலைகளோடு ஒப்பிடுங்கள், சரியாக வரும்.

இவை நிஜமான நிலையங்களா என்றால், நிஜம்தான். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கட்டடத்தை அழித்துவிடுங்கள். ஒரு சராசரி கிராம நிலையம் என்பது மூவாயிரம் நாலாயிரம் அடி நீளமுள்ள சரளைக்கல் ஓடுதளம், விமானத்தைத் திருப்பி நிறுத்த ஒரு திட்டு, பனி தள்ளும் இயந்திரத்துக்கு ஒரு கொட்டகை, காற்றின் திசை காட்டும் ஒரு துணிப் பை. அவ்வளவுதான். பயணிகள் உட்கார அறை இருக்காது. விமானச் சத்தம் கேட்டதும் ஊரிலிருந்து நாற்சக்கர மோட்டார் வண்டியிலோ, குளிர்காலமானால் பனி வண்டியிலோ விமான நிறுவனத்தின் ஏஜென்ட் வருவார். மூட்டைகளை இறக்குவார், பெயரைக் கூப்பிடுவார், ஏற்றுவார். சின்ன விமானங்களில் உடல் சோதனையும் கிடையாது. அதற்குப் பதிலாக உங்கள் எடையைக் கேட்பார்கள், சங்கடப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒன்பது பேர் உட்காரும் செஸ்னாவில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

ஏன் சரளை, தார் போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். செலவு ஒரு காரணம். ஜல்லியையே ஆற்று வழியாகத் தோணியில் கொண்டுவர வேண்டிய ஊர்கள் அவை. இன்னொரு காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. வடக்கிலும் மேற்கிலும் பல இடங்களில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். கறுப்புத் தார் வெயிலை உறிஞ்சி அந்த உறைமண்ணை இளக்கிவிடும். மேலே ஓடுதளம் அலை அலையாய்ப் பள்ளம் விழும். சரளையாக இருந்தால் பள்ளம் விழுந்த இடத்தில் கொட்டி நிரவிவிடலாம். கோடையில் புழுதி பறக்கும், அதற்குக் கால்சியம் குளோரைடு தெளிப்பார்கள்.

இரவில் பல ஊர்களில் ஓடுதள விளக்குகள் அணைந்தே இருக்கும். வரும் விமானி ரேடியோ பொத்தானைச் சில தடவை அழுத்தினால் எரியும். அது எரியாமல் போனால்? 2019 ஆகஸ்ட் கடைசியில் இகியாகிக் என்ற ஊரில் அப்படித்தான் நடந்தது. ஒரு நோயாளியை ஏற்றிப்போக மருத்துவ விமானம் வந்தபோது விளக்குகள் வேலை செய்யவில்லை. ஊரில் மொத்தமே எழுபது பேர் அளவில்தான். உடனே வீடு வீடாகப் போன் போட்டார்கள். காரும் நாற்சக்கர வண்டியுமாக இருபது வண்டிகள் போல வந்து ஓடுதள ஓரத்தில் வரிசையாக நின்று முகவிளக்கைப் போட்டன. விமானம் இறங்கி, நோயாளியை ஏற்றிக்கொண்டு போனது. அந்த ஊர்க்காரர்களுக்கு விமான நிலையம் என்றால் என்ன என்று நான் தனியாக விளக்கத் தேவையில்லை.

அடுத்து, யார் நடத்துகிறார்கள்? அமெரிக்காவில் பெரும்பாலான பொது விமான நிலையங்கள் நகராட்சி, கவுன்டி, அல்லது அதற்கென்று அமைத்த ஆணையம் ஒன்றின் சொத்து. மாநில அரசே நேரடியாக நடத்துவது அரிது. அலாஸ்காவும் ஹவாயும்தான் பெரிய விதிவிலக்குகள். அலாஸ்காவில் அது மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு, சாலை போடும் அதே துறை. முந்நூறு பேர் உள்ள கிராமம் வரி வசூலித்து ஓடுதளம் பராமரிக்க முடியாது என்பதால் வேறு வழியும் இல்லை. பல கிராமங்களில் பனி தள்ள உள்ளூர் ஆள் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். எல்லாமே மாநிலத்துடையது என்றும் எண்ண வேண்டாம். ஜூனோ நிலையம் அந்த நகராட்சியுடையது. ஆங்கரேஜ் நகருக்குள் இருக்கும் மெரில் ஃபீல்டு நகராட்சியுடையது, 1930-லிருந்து இயங்குகிறது.

காசு இரண்டு வேறு பைகளிலிருந்து வருகிறது. ஆங்கரேஜ், ஃபேர்பேங்க்ஸ் ஆகிய இரண்டு சர்வதேச நிலையங்களும் தரையிறங்கும் கட்டணம், எரிபொருள் கட்டணம், வாடகை என்று தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. கிராம நிலையங்களில் வருமானம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. புது ஓடுதளம், விளக்கு போன்ற கட்டுமானச் செலவில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் மத்திய அரசின் மானியம். அது நாடு முழுக்க விமானப் பயணிகள் டிக்கெட்டோடு சேர்த்துக் கட்டும் வரியிலிருந்து வருவது. நீங்கள் டல்லாஸிலிருந்து சிகாகோ போன டிக்கெட்டில் சில சென்ட் ஏதோ ஒரு உறைமண் கிராமத்தின் சரளைக்குப் போயிருக்கும். அன்றாடப் பராமரிப்பு மாநில பட்ஜெட்டின் தலையில். எண்ணெய் விலை விழும் வருடங்களில் அந்தப் பட்ஜெட் கையைக் கடிக்கும்.

நிலையம் இருந்தால் போதுமா, விமானம் வர வேண்டாமா? 1978-இல் அமெரிக்கா விமான நிறுவனங்களை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தபோது, லாபம் இல்லாத ஊர்களைக் கைவிட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் ஒரு மானியத் திட்டத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். இன்று அதில் அலாஸ்கா ஊர்கள் மட்டும் அறுபதுக்கும் மேல். மற்ற மாநிலங்களுக்கு ஒரு பயணிக்கு இவ்வளவுதான் மானியம், பெரிய நிலையத்திலிருந்து இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்றெல்லாம் வரம்புகள் உண்டு. அலாஸ்காவுக்கு அவற்றிலிருந்து விலக்கு. ரஷ்ய எல்லையை ஒட்டியிருக்கும் சின்ன டயோமீட் தீவில் ஓடுதளம் போடச் சமதரையே இல்லை, அங்கே இந்தத் திட்டத்தில் ஹெலிகாப்டர் போகிறது. எதிரே நாலு கிலோமீட்டரில் ரஷ்யாவின் பெரிய டயோமீட் தெரியும்.

ஆனால் என்னைக் கேட்டால், கிராம விமானப் போக்குவரத்தை உண்மையில் தாங்கிப் பிடிப்பது இந்த மானியம் அல்ல, தபால்தான். வேறு எங்கும் கேள்விப்படாத ஏற்பாடு அது.

ஒரு கிராமக் கடைக்காரர் நூடுல்ஸ், டயபர், சோடா, நாய்த் தீவனம் எல்லாம் ஆங்கரேஜ் மொத்த வியாபாரியிடம் ஆர்டர் செய்கிறார். குறைந்தது ஆயிரம் பவுண்டு எடை இருக்க வேண்டும். மரப்பலகைத் தட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, தபால் நிலையத்துக்குப் போகாமலே நேராக விமான நிறுவனத்தின் கிடங்கில் இறக்குவார்கள். ஆனாலும் சட்டப்படி அது தபால்! சாதாரண பார்சல் கட்டணம்தான் கடைக்காரருக்கு. விமான நிறுவனத்துக்கு ஆகும் முழுக் கூலியைத் தபால் துறை கொடுக்கிறது, வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் தபால் துறையின் நஷ்டம். பெரிய விமானம் பெத்தல், நோம், கோட்ஸபூ போன்ற மைய ஊர்களுக்கு அதைக் கொண்டுபோகும். அங்கே தட்டைப் பிரித்துச் சின்ன விமானங்களில் கிராமங்களுக்கு அனுப்புவார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தத் தபாலை ஏற்ற வேண்டுமானால் அந்த வழியில் பயணிகளையும் குறிப்பிட்ட பங்கு ஏற்றியாக வேண்டும் என்று 2002-இல் சட்டம் போட்டார்கள். சரக்கில் வரும் காசு போக வர விமானத்தை ஓட்டிவிடும், அதில் பாட்டி ஒருத்தி பல் டாக்டரைப் பார்க்க இடம் கிடைத்துவிடும். தபால் துறையின் கணக்கர்களுக்கு இது பிடிக்காது, அவ்வப்போது வாஷிங்டனில் யாராவது கத்தரிக்கப் பார்ப்பார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் ஏற்றிய தட்டுகளில் பாதி சிப்ஸும் குளிர்பானமும்தான், அதைப் பார்க்கும்போது கணக்கர் பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரியும். அடுத்த தட்டில் குழந்தைப் பால்மாவு இருக்கும், உடனே மனம் மாறிவிடும்.

அலாஸ்கா ஏர்லைன்ஸ் இதற்காகவே ஒரு விசித்திர விமானம் வைத்திருந்தது. போயிங் 737-400, முன்பாதியில் சரக்கு, நடுவில் தடுப்பு, பின்னால் 72 இருக்கை. பின்வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும். 2017 அக்டோபரில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள், இப்போது சரக்குக்குத் தனி விமானம்.

எங்கே நிலையம் வைப்பது என்பது பெரிய தலைவலி. இரண்டு கதைகள் சொல்கிறேன்.

கோல்ட் பே என்ற ஊரில் 2020-இல் இருந்தவர்கள் 50 பேர். ஓடுதளத்தின் நீளமோ பத்தாயிரம் அடிக்கும் மேல்! இரண்டாம் உலகப் போரில் ராணுவம் போட்டது. பசிபிக்கைக் கடக்கும் பெரிய விமானங்களுக்கு ஆபத்து என்றால் இறங்க இன்றும் அது ஒரு புகலிடம். பக்கத்தில் கிங் கோவ் என்ற மீனவர் ஊர். அங்கே நூற்றுக்கணக்கில் மக்கள், ஆனால் மலைகளுக்கு நடுவே சின்னச் சரளை ஓடுதளம், காற்றும் மூடுபனியும் அதிகம். அவசர நோயாளியைக் கோல்ட் பேக்குக் கொண்டுபோக ஒரு மண் சாலை வேண்டும் என்று அந்த ஊர் பல பத்தாண்டுகளாகக் கேட்கிறது. நடுவில் இருப்பது இசம்பெக் வனவிலங்குக் காப்பகம், வலசை வரும் கடல் வாத்துகளின் உணவுக் களம். வழக்கு, ஒப்பந்தம், மறுவழக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. 2022-இல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரே சாலைக்கு எதிராக நீதிமன்றத்தில் தன் தரப்பைத் தாக்கல் செய்தார். அந்த நிலங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்த 1980 சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், ஊர்க்காரர்கள் பக்கம். ஆனால் அந்த வாத்துகளைப் பார்த்தவர்களை எதிர்த்துப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

இரண்டாவது, கெச்சிகன். மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர், சமதரை இல்லை. அதனால் 1973-இல் எதிரே இருக்கும் கிரவீனா தீவில் நிலையத்தைக் கட்டினார்கள். இன்றும் விமானத்திலிருந்து இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டு, சில நிமிடம் படகில் கடந்துதான் ஊருக்குள் வர வேண்டும். பாலம் கட்ட 2005-இல் அமெரிக்கக் காங்கிரஸ் 223 மில்லியன் டாலர் ஒதுக்கியது. ஐம்பது பேர் வாழும் தீவுக்கா பாலம் என்று நாடே சிரித்தது, 'எங்கும் போகாத பாலம்' என்று பெயரும் வைத்தது. 2007-இல் ஆளுநர் சாரா பேலின் கைவிட்டார். அது விமான நிலையத்துக்குப் போகும் பாலம் என்ற விஷயம் அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போனது. கூத்து என்னவென்றால், பாலத்தோடு சேர்க்க வேண்டிய சாலையைத் தீவில் போட்டுவிட்டார்கள். பாலம் இல்லை, சாலை இருக்கிறது.

ஜூனோவைப் பற்றி ஒன்று மட்டும். சுற்றிலும் மலை, ஒடுங்கிய கடற்கால்வாய், எப்போதும் மேகம். செயற்கைக்கோளைக் கொண்டு வளைந்து வளைந்து துல்லியமாக இறங்கும் முறையை அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1996-இல் அங்கேதான் முதன்முதலில் பயன்படுத்தியது. இப்போது உலகமெங்கும் அது வழக்கம். அப்புறம், 1987-இல் ஜூனோவிலிருந்து கிளம்பிய ஒரு ஜெட் விமானத்தின் மேல் கழுகு ஒன்று மீனைத் தவறவிட்டது. சேதம் உண்டா என்று சோதித்ததில் பயணம் தாமதமானது. பறவை மோதிய விமானம் ஆயிரம் உண்டு, மீன் மோதியது அலாஸ்காவில்தான்.

இப்போது ஆங்கரேஜ். சரக்கு எடையில் உலகின் முதல் ஐந்து நிலையங்களுக்குள் அடிக்கடி வருவது. மூன்று லட்சம் பேர் கூட இல்லாத ஊருக்கு அது எப்படி? உருண்டை வரைபடத்தில் ஷாங்காயையும் சிகாகோவையும் ஒரு நூலால் இணைத்துப் பாருங்கள், நூல் அலாஸ்கா பக்கமாகப் போகும். ஒரே மூச்சில் பறக்க வேண்டுமானால் விமானம் முழுக்க எரிபொருளைச் சுமக்க வேண்டும், சரக்கைக் குறைக்க வேண்டும். ஆங்கரேஜில் நின்று எரிபொருள் போட்டால் சரக்கை நிறைத்துக்கொண்டு போகலாம். எரிபொருள் ஊற்றி, விமானிகளை மாற்றி, இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடும். தொழில்வளம் மிகுந்த உலகின் 90 சதவீதம் இங்கிருந்து ஒன்பதரை மணி நேரத்துக்குள் என்பது நிலையத்தாரின் பெருமைப் பேச்சு.

ஒரு காலத்தில் பயணிகளுக்கும் இதே கதைதான். சோவியத் வான்வெளி மூடிக் கிடந்ததால் ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போகும் விமானங்கள் வடதுருவத்தைச் சுற்றி ஆங்கரேஜில் இறங்கின. 1957-இல் ஸ்காண்டினேவிய நிறுவனம் தொடங்கிவைத்தது. சைபீரியா வழி திறந்ததும், நிற்காமல் பறக்கும் விமானங்கள் வந்ததும், அந்தக் கூட்டம் காணாமல் போனது. சரக்கு மட்டும் நின்றது.

அந்த நிலையத்தை ஒட்டியே லேக் ஹூட். ஏரியில் இறங்கும் மிதவை விமானங்களுக்கு உலகிலேயே அதிகப் போக்குவரத்து உள்ள இடம் என்கிறார்கள். வீட்டு வாசலில் கார் நிற்பது போலக் கரையெல்லாம் விமானங்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் மிதவையைக் கழற்றிச் சறுக்குக் கட்டை மாட்டி, பனிக்கட்டியின் மேலேயே இறங்குவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மாலைப் பொழுதுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடையாது, காசும் வேண்டாம்.

பயத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இங்கே விபத்துகள் உண்டு. 2025 பிப்ரவரியில் நோம் போய்க்கொண்டிருந்த சின்ன விமானம் விழுந்து பத்துப் பேரும் இறந்தார்கள். 1972-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸ் ஆங்கரேஜிலிருந்து ஜூனோ கிளம்பிய விமானம் இன்றுவரை கிடைக்கவில்லை. விமானத்தில் ஒரு வாரத்துக்கான உணவு, கோடாரி, தூண்டில், நெருப்பு மூட்ட ஏதாவது, கொசுவலைத் தொப்பி எல்லாம் இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. ஆனால் இந்த மண்தான் தீர்வுகளையும் தந்தது. விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாங்களே ஒலிபரப்பும் முறையைப் பெத்தலைச் சுற்றியுள்ள கழிமுகப் பகுதியில்தான் பெரிய அளவில் சோதித்தார்கள். மலைக் கணவாய்களில் வானிலைக் கேமராக்கள் இருநூறுக்கும் மேல். கிளம்பும் முன் விமானி அந்தப் படங்களைப் பார்ப்பார். கணவாய் மூடியிருந்தால் கிளம்ப மாட்டார். அப்போது அவரோடு சண்டை போடாதீர்கள். நான் ஒரு தடவை மூடுபனியில் ஒரு கிராமத்தில் இரண்டு இரவு மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் படுத்தேன். வெளியூர் ஆட்களுக்கு அங்கே வழக்கமான விடுதி அதுதான்.

சரி, உங்கள் பயணம். ஆங்கரேஜில் இறங்கி, காரில் டால்கீட்னா போங்கள், இரண்டரை மணி நேரம். அங்கிருந்து சின்ன விமானத்தில் டெனாலி மலையைச் சுற்றிக் காட்டி, பனிப்பாறை மேலேயே இறக்குவார்கள். கிராம நிலையம் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆங்கரேஜிலிருந்து ஜெட் விமானத்தில் நோம் அல்லது கோட்ஸபூ போய், அங்கிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் சின்ன விமானத்தில் இடம் கேளுங்கள். முன்கூட்டியே பேசிவைத்து, ஊர்க்காரர்களின் அனுமதி வேண்டுமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள், பல கிராமங்களின் நிலம் பழங்குடியினருடையது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப்பை போதும். கரடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை விமானத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டால் வழி சொல்வார். டல்லாஸ் திரும்பும் டிக்கெட்டை மட்டும் கிராமத்திலிருந்து திரும்பும் அதே நாளில் போடாதீர்கள், நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள். கடையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனால் கிராமத்தில் உங்களுக்கு நல்ல வரவேற்பு கிடைக்கும்.